ஊடக நிறுவனங்கள் இணையும்போது வானொலி ஊழியர்களுக்கு என்ன நடக்கிறது?

#1 புக்கிட் பாத்தோக் ஓட்டுநர்

வணக்கம். தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறேன். வண்டியில் நாள் முழுவதும் வானொலிதான். மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஊடகம் படிக்கிறாள். வானொலிப் படைப்பாளராக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். குரல் நன்றாக இருக்கிறது, தமிழும் பிசிறில்லாமல் வருகிறது. அதனால் நான் மறுப்புச் சொல்லவில்லை. அவள் அம்மாதான், "நாளைக்கு ஒரு நிறுவனம் இன்னொன்றை விழுங்கினால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது புதிதாகச் சேர்ந்த பிள்ளைதானே?" என்கிறார்.

அவர் வெறுமனே பயப்படவில்லை. 2024 அக்டோபரில் இங்கே சிங்கப்பூரில் டுடே செய்தித்தளம் சிஎன்ஏ செய்தி நிறுவனத்தோடு சேர்க்கப்பட்டதைப் பார்த்தவர். அதே ஆண்டு பிப்ரவரியில் கனடாவின் பெல் நிறுவனம் 4,800 வேலைகளைக் குறைத்து, 45 வானொலி நிலையங்களை விற்கப்போவதாக அறிவித்ததையும் எங்கேயோ படித்துவிட்டு வந்து என் முன்னால் வைத்தார்.

இங்கே ஊடகத்தில் வேலை பார்த்தவர்கள் சிலர் எழுதுகிறீர்கள் என்று தெரியும். உண்மையில் இணைப்பு வந்தால் வானொலி ஊழியர்களுக்கு என்ன ஆகிறது? ஆறுதல் வேண்டாம், நடப்பதைச் சொல்லுங்கள்.

#2 பழைய ஒலிப்பதிவாளர்

தம்பி, முதலில் நம் ஊர்க் கதையை நேராகத் தெரிந்துகொள்ளுங்கள். கனடாவை வைத்து இங்கே கணக்குப் போட முடியாது.

கால்டிகாட் குன்றிலிருந்து 1937இல் ஒலிபரப்பு தொடங்கியது. அரசாங்கத் துறையாக இருந்தது 1980இல் சிங்கப்பூர் ஒலிபரப்புக் கழகம் ஆனது. 1994 அக்டோபரில் அந்தக் கழகத்தைக் கலைத்துத் தொலைக்காட்சிக்கு இரண்டு நிறுவனம், வானொலிக்குத் தனியாக ஒரு நிறுவனம் என்று பிரித்தார்கள். இவை ஒரே குழுமத்தின் பிள்ளைகள். அந்தக் குழுமம்தான் பிறகு மீடியாகார்ப் என்று பெயர் மாறியது. உரிமையாளர் அரசாங்க முதலீட்டு நிறுவனமான தெமாசெக்.

2000ஆம் ஆண்டில் போட்டிக்குக் கதவைத் திறந்தார்கள். செய்தித்தாள் நிறுவனமான எஸ்பிஎச்சுக்குத் தொலைக்காட்சி, வானொலி உரிமம். மீடியாகார்ப்புக்குச் செய்தித்தாள் உரிமம். மீடியாகார்ப் டுடேயைத் தொடங்கியது. எஸ்பிஎச் தரப்பில் சேனல் யு, சேனல் ஐ என்று வந்தன. நாலே ஆண்டில் இரு தரப்புக்கும் மூச்சு வாங்கியது. 2004 செப்டம்பரில் சமரசம். தொலைக்காட்சியை மீடியாகார்ப் எடுத்துக்கொண்டது. எஸ்பிஎச்சுக்கு அதில் 20 விழுக்காடு, டுடே நிறுவனத்தில் 40 விழுக்காடு. 2005 ஜனவரி முதல் நாள் சேனல் ஐ இல்லை. ஸ்ட்ரீட்ஸ் என்று ஒரு இலவச நாளிதழ் இருந்தது. அதுவும் 2004 முடிவோடு போய்விட்டது. 2017இல் எஸ்பிஎச் தன் பங்குகளை 18 மில்லியன் வெள்ளிக்கு மீடியாகார்ப்பிடமே விற்றுவிட்டு வெளியேறியது.

இதில் யாரும் அதிகம் பேசாத விவரம்: 2004 உடன்பாட்டில் வானொலி இல்லை. எஸ்பிஎச் தன் வானொலியைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அதனால்தான் இன்றைக்கும் மூன்று தரப்புகள் இருக்கின்றன. பத்துக்கும் மேற்பட்ட அலைவரிசைகளோடு மீடியாகார்ப்; கிஸ்92, ஒன் எஃப்எம், மணி எஃப்எம், யுஎஃப்எம், ஹாவ் என்று ஐந்தோடு எஸ்பிஎச் மீடியா; 88.3, 98 இரண்டையும் நடத்தும், தேசிய சேவையாளர் அமைப்பான சாஃப்ராவின் நிறுவனம்.

ஆக, நிறுவனங்கள் இணைந்ததால் சிங்கப்பூரில் வானொலி நிலையங்கள் வரிசையாக மூடப்பட்டன என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேறு ஒன்று நடந்தது. அதை மாலையில் எழுதுகிறேன், பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்து வர வேண்டும்.

#3 தேக்கா நடையர்

நிலையம் மூடப்படவில்லை, ஆளும் தெருவுக்கு வரவில்லை. அப்புறம் எதற்கு இந்த இழை? வானொலி கேட்பவர்களே குறைந்துவிட்டார்கள் என்பதுதான் பெரிய பிரச்சினை. இணைப்பைத் திட்டுவது வழக்கமாகிவிட்டது.

#4 கணக்குப்பிள்ளை

விளம்பர விற்பனையில் இருந்தவன் என்ற முறையில் நானும் தேக்கா நடையர் பக்கம்தான், ஆனால் வேறு காரணத்துக்காக.

வானொலி எதனால் வாழ்கிறது? முன்பு ஒவ்வொரு வீடும் ஆண்டுக்கு 110 வெள்ளி தொலைக்காட்சி உரிமக் கட்டணம் கட்டியது. காரில் வானொலி இருந்தால் 27 வெள்ளி. 2011இல் இரண்டையும் அரசாங்கம் நீக்கிவிட்டது. இன்றைக்குப் பொதுச் சேவை நிகழ்ச்சிகளுக்கு அரசாங்க நிதி, மீதிக்கு விளம்பரம். விளம்பரம் எப்படி வாங்கப்படுகிறது என்று பார்த்தால் இணைப்பு ஏன் நடக்கிறது என்பது புரியும்.

ஒரு பேரங்காடி நிறுவனமோ வங்கியோ விளம்பரம் கொடுக்கும்போது, "உங்கள் தமிழ் நிலையத்தில் மட்டும் முப்பது வினாடி வேண்டும்" என்று அபூர்வமாகத்தான் கேட்கும். தொலைக்காட்சி, வானொலி, இணையம், சமூக ஊடகம் எல்லாம் சேர்த்து ஒரு தொகுப்பாகத்தான் வாங்கும். அந்தத் தொகுப்புக்குள் சிறிய மொழி நிலையமும் ஏறிக்கொள்ளும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு, அதற்குப் பத்தாண்டு முன்னால் 3.3. இந்தச் சந்தையை நம்பி ஒருவர் தனியாகத் தமிழ் நிலையம் நடத்தட்டும், எத்தனை மாதம் தாங்குகிறார் என்று பார்ப்போம்.

தனியாக நின்றவர்களுக்கு என்ன ஆனது என்பதற்கும் நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. ரெடிஃப்யூஷன். 1949இல் கம்பி வழியாக வந்த வானொலி. சீனக் கிளைமொழிக் கதைகளுக்காகவே காபிக்கடைகளில் கூட்டம் நின்ற காலம் உண்டு. யாரோடும் இணையாமலே 2012 ஏப்ரலில் நின்றுபோனது. அதற்கு எந்த இணைப்பைக் குறை சொல்வது?

பெரிய குழுமத்துக்குள் இருப்பதால்தான் மீடியாகார்ப்பின் தமிழ் நிலையமான ஒலி 96.8 நாள் முழுக்க ஒலிக்கிறது என்பது என் கணிப்பு. ஓட்டுநர் அண்ணன் வீட்டில் இதைச் சொல்லலாம்.

#5 இரவுப்பணி

கணக்குப்பிள்ளை சொல்வதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் அவர் விற்பனை மேசையிலிருந்து பார்க்கிறார். ஒலிப்பதிவுக்கூடத்திலிருந்து பார்த்தால் வேறு தெரியும்.

நான் வேலை பார்த்தது தமிழ் நிலையத்தில் இல்லை. வேறொரு மொழி நிலையத்தில், சுயதொழில் செய்பவளாக, இரவு நேரத்திலும் வார இறுதியிலும். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மறுசீரமைப்பு என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. நிரந்தர ஊழியர்கள் எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசினார்கள். எங்களை யாரும் அழைக்கவில்லை. அடுத்த மாதப் பணி அட்டவணை வந்தபோது என் இரவுகள் அதில் இல்லை, அவ்வளவுதான். யாரும் என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. ஆகவே எந்த ஆட்குறைப்புக் கணக்கிலும் நான் கிடையாது.

நள்ளிரவில் யாரும் கேட்பதில்லை என்பார்கள். கேட்டார்கள். பாதுகாவலர்கள், தாதியர், விமான நிலையத்தில் சுமை ஏற்றுபவர்கள், துப்புரவுப் பணி முடித்துக் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர்கள். பேசுவதற்கு ஆள் இல்லாதவர்கள்தான் அந்த நேரத்தில் அழைப்பார்கள். எனக்குப் பிறகு அந்த நேரத்தைக் கணினி பார்த்துக்கொண்டது. பகல் படைப்பாளர் மதியமே வந்து, இரண்டு பாட்டுக்கு இடையே சொல்ல வேண்டியதையெல்லாம் அரை மணி நேரத்தில் பதிந்துவிட்டுப் போவார். நான்கு மணி நேர நிகழ்ச்சி தயார். "இந்த இரவு நேரத்தில் உங்களோடு" என்று அவர் சொல்லும்போது வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்.

அவரைக் குறை சொல்லவில்லை. அதற்காக அவருக்குத் தனிச் சம்பளமும் கிடைக்கவில்லை.

#6 பழைய ஒலிப்பதிவாளர்

மாலையில் எழுதுவதாகச் சொன்னதை இரவுப்பணி அம்மா பாதி சொல்லிவிட்டார். மீதியைச் சொல்கிறேன்.

நான் சேர்ந்த காலத்தில் ஒரு நிகழ்ச்சி வானில் ஏற எத்தனை பேர் வேண்டும் தெரியுமா? கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர், அந்தப் பக்கம் அறிவிப்பாளர், தயாரிப்பாளர் ஒருவர், இசைத்தட்டு நூலகத்தில் ஒருவர், விளம்பரங்களை நேரவாரியாக அடுக்கும் பிரிவில் ஒருவர், எழுத்தாளர் ஒருவர். முதலில் போனது நான் உட்கார்ந்திருந்த நாற்காலி. படைப்பாளரே பாட்டைப் போட்டு, ஒலியைக் கூட்டிக் குறைத்து, தொலைபேசியும் எடுத்தார். பிறகு நூலகம், பாட்டெல்லாம் கணினிக்குள் போனதும் அந்த அறையே தேவைப்படவில்லை. இதெல்லாம் தொழில்நுட்பம் கொண்டுபோனவை. இதற்கு இணைப்பைக் குறை சொல்ல மாட்டேன்.

இணைப்பு கொண்டுபோனது வேறு வகை. ஒரு குழுமத்துக்குள் தொலைக்காட்சி, வானொலி, இணையம் என்று மூன்று இருந்தால், மூன்றுக்கும் தனித்தனியாகக் கணக்குப் பிரிவு, விற்பனைப் பிரிவு, பொறியியல் பிரிவு, செய்திப் பிரிவு எதற்கு என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். பதில் எப்போதும் ஒன்றுதான்: வேண்டாம். அப்படி ஒன்றாக்கும்போது வானொலிக்காரர்கள் எண்ணிக்கையில் சிறியவர்கள். ஒருங்கிணைந்த பிரிவுக்குத் தலைவராக வருபவர் பெரும்பாலும் தொலைக்காட்சியிலிருந்தோ இணையத்திலிருந்தோதான் வருவார். அவருக்கு வானொலி கெட்டது என்ற எண்ணம் இருக்காது. வானொலி என்ற எண்ணமே இருக்காது. காணொளி இல்லாத எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாது.

கால்டிகாட்டை விட்டு ஒன்-நார்த்தில் புதிய வளாகத்துக்கு 2015 முதல் இடம் மாறியபோதே இது கட்டடத்தில் தெரிந்தது. எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே, எல்லாத் தளத்துக்கும் ஒரே அணி என்பதுதான் அந்தக் கட்டடத்தின் கருத்தே. அதில் நன்மையும் உண்டு, சொல்லிவிடுகிறேன். குன்றின் மேல் நிலையத்துக்கு நிலையம் தனித்தனி ராஜ்யமாக இருந்தோம், பக்கத்து அறையில் என்ன நிகழ்ச்சி என்பதுகூடத் தெரியாது.

#7 தேக்கா நடையர்

இப்போதாவது இழைக்கு உயிர் வந்தது. ஆனால் நீங்கள் இருவரும் சொல்வது ஒரே நிறுவனத்துக்குள் நடந்த வேலைச் சுருக்கம். நிறுவனம் நிறுவனத்தை வாங்கி, அதனால் ஊர் வானொலி அழிந்தது என்பதற்கு எங்காவது உறுதியான சான்று இருக்கிறதா?

#8 அலைவரிசை

இருக்கிறது ஐயா, அமெரிக்காவில் வண்டி வண்டியாக. இந்தத் தலைப்பில்தான் முதுகலை ஆய்வு செய்தேன்.

1996க்கு முன் அங்கே ஒரே நிறுவனம் நாடு முழுக்க 40 நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்த ஆண்டு வந்த தொலைத்தொடர்புச் சட்டம் நாட்டளவிலான வரம்பை நீக்கியது; பெரிய நகரமென்றால் ஒருவரே எட்டு நிலையம் வரை வைத்துக்கொள்ளலாம் என்றது. சில ஆண்டுகளில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்திடம் 1,200க்கும் அதிகமான நிலையங்கள். ஒரு நகரத்தில் உட்கார்ந்து பேசுபவர் பல நகரங்களுக்கு "நம்ம ஊர்" அறிவிப்பாளர் ஆனார். அந்தந்த ஊரின் தெருப் பெயரையும் வானிலையையும் தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள், அவர் படித்துப் பதிவுசெய்வார்.

2008இல் இரண்டு முதலீட்டு நிறுவனங்கள் கடன் வாங்கி அந்த நிறுவனத்தை வாங்கின. யார் பெயரில் கடன்? வாங்கப்பட்ட நிறுவனத்தின் பெயரில். ஐஹார்ட்மீடியா என்று பெயர் மாறி, 2018 மார்ச்சில் ஏறத்தாழ 20 பில்லியன் டாலர் கடனோடு நொடிப்பு மனு போட்டது. 2020 ஜனவரியில் சிறு நகரங்களின் படைப்பாளர்கள் கூட்டம் கூட்டமாக அனுப்பப்பட்டார்கள். அவர்கள் நிகழ்ச்சிக்குக் கேட்பவர் இல்லாமல் போகவில்லை. வட்டி கட்ட வேண்டியிருந்தது. ஊழியரின் வேலையை அவர் திறமை தீர்மானிக்கிறது என்று நம்புகிறோம். அந்த நிலையங்களில் கடன் பத்திரம் தீர்மானித்தது.

அடிக்கடி சொல்லப்படும் மைனாட் சம்பவமும் உண்டு. வட டக்கோட்டா மாநிலத்தில் ஒரு சிறு நகரம். 2002 ஜனவரியில் நள்ளிரவு தாண்டிய நேரம் ரயில் தடம்புரண்டு அமோனியா வாயு ஊரெல்லாம் பரவியது. ஊரின் ஆறு வணிக வானொலிகளும் ஒரே நிறுவனத்துடையவை. காவல்துறை நிலையத்துக்கு அழைத்துப் பார்த்தும் யாரையும் பிடிக்க முடியவில்லை. ஒருவர் இறந்தார்.

பிரிட்டனில் சத்தமில்லாமல் நடந்தது. உள்ளூர் நேர விதியை ஒழுங்குமுறை அமைப்பு 2018இல் தளர்த்தியது. அடுத்த ஆண்டே குளோபல் நிறுவனம் தன் ஹார்ட், கேப்பிட்டல் நிலையங்களில் ஊருக்கு ஊர் இருந்த காலை நிகழ்ச்சிகளை எடுத்துவிட்டு லண்டனிலிருந்து ஒன்றையே நாட்டுக்கெல்லாம் கொடுத்தது. பௌவர் (Bauer) நிறுவனம் பல சிறு குழுமங்களை 2019இல் வாங்கியது. 2020 செப்டம்பரில் அந்த நிலையங்கள் பெரும்பாலானவற்றின் ஊர்ப் பெயரே போய், எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்.

#9 தேக்கா நடையர்

மைனாட் கதையை எல்லாரும் ஒரு பக்கமாகவே சொல்கிறீர்கள். அன்று அவசர எச்சரிக்கை அமைப்பைக் காவல்துறை சரியாக இயக்கவில்லை என்பதும், நிலையத்தில் ஒருவர் பணியில் இருந்ததாக நிறுவனம் சொன்னதும் பதிவில் இருக்கின்றன.

#10 அலைவரிசை

ஒப்புக்கொள்கிறேன், ஆய்விலும் அதைக் குறிப்பிட்டிருக்கிறேன். ஆனால் ஆறு நிலையம் ஆறு முதலாளிகளிடம் இருந்திருந்தால் ஒருவராவது தொலைபேசியை எடுத்திருப்பார் என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது. இங்கேயும் பொது எச்சரிக்கைச் சங்கு ஒலித்தால் வானொலியைத் திருப்பிக் கேளுங்கள் என்றுதான் குடிமைத் தற்காப்புப் படை சொல்கிறது. அந்த நேரத்தில் தமிழ் மட்டும் தெரிந்த பாட்டிக்கு எந்த அலைவரிசை? ஒன்றே ஒன்று.

#11 ஜோகூர் பாலம்

இந்த "ஒன்றே ஒன்று" என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன். தினமும் ஜோகூரிலிருந்து வந்து போகிறேன். எங்கள் மலேசியப் பக்கம் தமிழ் வானொலி என்றால் அரசாங்கத்தின் மின்னல் இருக்கிறது, தனியார் நிறுவனமான ஆஸ்ட்ரோவின் ராகா இருக்கிறது. ஒன்றில் மனக்கசப்பு என்றால் இன்னொன்றின் கதவைத் தட்டலாம். ராகாவில் ஒன்று நன்றாக ஓடினால் மின்னலில் உள்ளவர்களும் யோசிப்பார்கள். உங்கள் ஊரில் தமிழ்ப் படைப்பாளர் வேலை மாற வேண்டுமானால் எங்கே போவார்?

#12 அலைவரிசை

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். 2000ஆம் ஆண்டுப் போட்டி என்று பெரியவர் எழுதினாரே, அந்தப் போட்டியில் தமிழுக்கு என்ன கிடைத்தது? புதிதாக வந்த தொலைக்காட்சி ஒளிவழிகளில் ஒன்று சீனம், ஒன்று ஆங்கிலம். 2018இல் எஸ்பிஎச் தொடங்கிய இரண்டு வானொலிகளில் ஒன்று ஆங்கிலம், ஒன்று சீனம். தமிழ் முரசை வைத்திருக்கும் எஸ்பிஎச் மீடியாவிடம் தமிழ் வானொலி அலைவரிசை கிடையாது. போட்டி வந்தபோதும் நமக்கு வரவில்லை, போட்டி முடிந்தபோதும் நாம் இழந்தது ஒன்றுமில்லை.

ஆங்கிலப் படைப்பாளர் ஒரு குழுமத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது இங்கே சாதாரணம். நாளிதழில் செய்தியாகவே வரும். அந்தத் தாவல்தான் அவர்கள் சம்பளத்தை உயர்த்துகிறது. தமிழ்ப் படைப்பாளருக்கு ஒலி, அதே குழுமத்தின் வசந்தம் தொலைக்காட்சி, அதே குழுமத்தின் செய்திப் பிரிவு. மூன்றும் ஒரே முதலாளி. தமிழ் வானொலியில் நமக்கு இணைப்பு என்றைக்கோ முடிந்துவிட்டது. இனி இணைய இரண்டாவது நிலையம் இல்லை.

#13 கணக்குப்பிள்ளை

இரண்டாவது நிலையம் வந்தால் விளம்பரம் இரண்டாகப் பிரியும், சம்பளம் உயராது. முதலிலேயே சொன்ன 2.5 விழுக்காட்டைத் திரும்பப் பாருங்கள். பானையில் இருப்பது ஒரு படி அரிசி. அடுப்பை இரண்டாக்கினால் சோறு கூடாது.

#14 இரவுப்பணி

அரிசியை அளப்பவர் எப்போதும் விற்பனைப் பிரிவாகவே இருப்பதுதான் எங்கள் வருத்தம். தொகுப்பாக விற்கும்போது அந்தப் பணத்தில் வானொலியின் பங்கு எவ்வளவு என்று யார் எழுதுகிறார்கள்? பெரிய தொகை தொலைக்காட்சிக் கணக்கிலோ இணையக் கணக்கிலோ ஏறும். வானொலி "கூடுதலாகக் கொடுத்தது" ஆகிவிடும். ஆண்டு முடிவில் வானொலிக்கு வருமானம் குறைவு என்று அட்டவணை காட்டும். அந்த அட்டவணையை வைத்துத்தான் என் இரவுகள் போயின. மறுக்க முடியுமா அண்ணா?

#15 கணக்குப்பிள்ளை

மறுக்க மாட்டேன். தொகுப்பு விலையைப் பிரித்து எழுதுவது ஒரு கலை. நாங்கள் வானொலியைச் சலுகையாகச் சேர்த்துக் கொடுத்த நாட்கள் உண்டு. வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ள வேண்டுமே. ஆனாலும், குழுமம் இல்லாவிட்டால் பிரிப்பதற்குத் தொகையே இருந்திருக்காது என்ற என் கட்சியை விடவில்லை.

#16 மனிதவளம்

நீங்கள் அரிசி அளந்து முடிக்கும்வரை காத்திருந்தேன். ஓட்டுநர் அண்ணா கேட்டது வேறு: இணைப்பு வந்தால் பிள்ளைக்கு என்ன ஆகும்? மனிதவளத் துறையில் இருக்கிறேன், ஊடகத் துறையில் இல்லை. சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

நிறுவனம் கைமாறுவது இரண்டு விதம். பங்குகள் மட்டும் கைமாறினால் சட்டப்படி முதலாளி அதே நிறுவனம்தான். வேலை ஒப்பந்தத்தில் ஒரு எழுத்தும் மாறாது. தொழிலையே ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் வேலை நியமனச் சட்டத்தின் 18ஏ பிரிவு வரும். ஊழியரின் ஒப்பந்தம் அப்படியே புதிய முதலாளிக்குப் போகும், பழைய சேவைக்காலமும் தொடரும். மாற்றத்துக்கு முன்பே, பேச்சு நடத்த நேரம் இருக்கும்படி, ஊழியர்களுக்கும் தொழிற்சங்கத்துக்கும் தெரிவிக்க வேண்டும். 2019 ஏப்ரலிலிருந்து மேலாளர், நிர்வாகி நிலையில் உள்ளவர்களுக்கும் இந்தச் சட்டம் உண்டு. எஸ்பிஎச்சின் ஊடகப் பிரிவு 2021 டிசம்பரில் லாப நோக்கமில்லாத தனி நிறுவனத்துக்குப் போனதே, பெரிய அளவில் ஊடக வேலைகள் கைமாறியதற்கு அண்மைய உதாரணம் அது. பங்குதாரர்களின் லாபத்துக்காக நடந்துவந்த பிரிவு, ஆண்டுக்கு 180 மில்லியன் வெள்ளி வரை அரசாங்க ஆதரவோடு நடக்கும் அமைப்பாக மாறியது. இப்படிப்பட்ட மாற்றத்தை அமெரிக்கக் கதையோடு ஒப்பிட முடியாது. இங்கே கடன் பத்திரக்காரர் வாசலில் நிற்கவில்லை, ஆனால் நிதி ஒதுக்குபவரின் எதிர்பார்ப்பு இருக்கிறது.

ஆட்குறைப்பு நடந்தால்? ஆட்குறைப்புப் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஒப்பந்தத்திலோ கூட்டு உடன்பாட்டிலோ எழுதியிருந்தால்தான் கட்டாயம். அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்து தந்த முத்தரப்பு அறிவுரைப்படி இரண்டாண்டாவது பணியாற்றியவருக்கு, சேவையின் ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை கொடுப்பது வழக்கம். பத்துப் பேராவது வேலை செய்யும் நிறுவனம், ஊழியரிடம் சொன்ன ஐந்து வேலை நாட்களுக்குள் மனிதவள அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். மாதம் 5,000 வெள்ளி வரை சம்பாதித்து வேலையை இழந்தவர்களுக்கு 2025 ஏப்ரலிலிருந்து ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவும் உண்டு, ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை.

இத்தனையும் ஊழியருக்கு. இரவுப்பணி போன்ற சுயதொழில் செய்பவர்களுக்கு 18ஏ இல்லை, ஆட்குறைப்புப் பணம் இல்லை, முதலாளி கட்டும் மத்திய சேமநிதி இல்லை. கட்டணம் வராமல் போனால் முத்தரப்பு சமரசக் கூட்டணியிடம் போகலாம், 20,000 வெள்ளிக்குள் என்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். ஆனால் "அடுத்த மாதம் அழைக்கவில்லை" என்பதற்கு எங்கும் முறையிட முடியாது. வானொலிக்குள் நுழையும் பிள்ளைகள் பலர் இந்த வாசல் வழியாகத்தான் நுழைகிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

#17 பழைய ஒலிப்பதிவாளர்

தொழிற்சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒலிபரப்பு ஊழியர்களுக்கு ஒரு சங்கம், அச்சு ஊடகத்தாருக்கு வேறு சங்கம். சேர்ந்த முதல் மாதமே உறுப்பினராகச் சொல்லுங்கள். இளம் படைப்பாளர்கள் தங்களைக் கலைஞர்களாக நினைத்துச் சங்கப் பக்கமே எட்டிப்பார்ப்பதில்லை. கலைஞருக்கும் மாதக் கடைசி வரும்.

#18 புக்கிட் பாத்தோக் ஓட்டுநர்

எல்லாருக்கும் நன்றி. ஐயா எழுதியதையும் மனிதவளம் அக்கா எழுதியதையும் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். மகள் இரவுப்பணி எழுதியதை மட்டும் தனியாகத் திரும்பப் படித்தாள். அவளுக்கு ஒரு கேள்வி: முன்கூட்டியே பதிவுசெய்த குரலை நிலையம் எவ்வளவு காலம் வைத்துக்கொள்ளலாம்? அதை வைத்துச் செயற்கை நுண்ணறிவில் இன்னொரு "அவளை" உருவாக்கினால்?

#19 அலைவரிசை

கேட்க வேண்டிய கேள்வி. 2023இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் ஒரு நிலையம் தன் படைப்பாளரின் குரலையே நகலெடுத்து, சில மணி நேரம் அந்த நகலைப் பேசவிட்டது; அவர் சம்மதத்தோடுதான். 2024 அக்டோபரில் போலந்தின் கிராக்கோவ் நகரில் ஒரு வானொலி செயற்கைப் படைப்பாளர்களைக் கொண்டுவந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டது. தமிழில் செய்ய இன்னும் கொஞ்சம் காலம் பிடிக்கும்; ழகரத்தில் இடறும். ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம்.

#20 மனிதவளம்

ஒப்பந்தத்தில் "பதிவுகள் அனைத்தும் நிறுவனத்தின் சொத்து" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். பதிவு வேறு, அந்தப் பதிவைக் கொண்டு புதிய குரல் செய்வது வேறு. இரண்டாவதற்குத் தனிச் சம்மதமும் தனிக் கட்டணமும் வேண்டும் என்று எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். நிறுவனம் கைமாறும்போது ஒப்பந்தம் அப்படியே போகும் என்றேனே, நல்ல வரியும் போகும், கெட்ட வரியும் போகும்.

#21 இரவுப்பணி

தங்கைக்கு: ஒலிப்பதிவும் ஒலித்தொகுப்பும் படித்துக்கொள், காணொளியும் கற்றுக்கொள், மறுக்காதே. ஆனால் வாரத்தில் ஒரு நேரடி நிகழ்ச்சியாவது வேண்டும் என்று முதல் நாளே கேள். அது நள்ளிரவாக இருந்தாலும் பரவாயில்லை.

#22 கணக்குப்பிள்ளை

நள்ளிரவு நேரத்தை யாருக்கு விற்பது என்று என்னைக் கேட்காமல் இருந்தால் சரி.

#23 இரவுப்பணி

பாதுகாவல் நிறுவனங்கள், இருபத்துநான்கு மணி நேர உணவகங்கள், தாதிமை இல்லங்கள், தொலைபேசி அட்டை விற்பவர்கள். நான் இருந்தபோது உங்கள் பிரிவிலிருந்து ஒருவர்கூட அவர்களிடம் போய்க் கேட்டதில்லை.

#24 கணக்குப்பிள்ளை

தாதிமை இல்லங்களை நான் நினைத்துப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. மீதி மூன்றும் விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்காத வகை.